ஒரே ஒரு போட்டோவை வைத்து ஒரு ஆளை எப்படி வரைவது? பழைய ப்ளூஸ், ஜாஸ் கலைஞர்களின் போர்ட்ரெய்ட்

#1 கரித்துண்டு

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாகப் பழைய ப்ளூஸ், ஜாஸ் (அமெரிக்கக் கறுப்பர்களின் இசை வகைகள்) கலைஞர்களை ஒரு வரிசையாக வரைந்துகொண்டிருக்கிறேன். ஏ3 தாள், சார்க்கோல் (வரையும் கரி), ஆளுக்கு ஒரு படம். பெஸ்ஸி ஸ்மித், மட்டி வாட்டர்ஸ், எலிசபெத் காட்டன், பில்லி ஹாலிடே, லெஸ்டர் யங், தெலோனியஸ் மங்க் என்று ஒன்பது பேர் முடிந்தார்கள். பத்தாவது ராபர்ட் ஜான்சன். அங்கேதான் மூன்று வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிதார் வாசித்துப் பாடிய ப்ளூஸ் கலைஞர், அமெரிக்காவில் மிசிசிப்பிக்காரர். 1911இல் பிறந்து 1938இல் 27 வயதில் இறந்தவர். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் பதிவான 29 பாட்டுகள்தான் அவர் விட்டுப்போனது. போட்டோ அதைவிடக் கம்மி. காசு போட்டால் தானே எடுத்துத் தரும் போட்டோ பூத்தில் எடுத்த சின்னப் படம் ஒன்று. வாயில் சிகரெட், நெஞ்சுக்கு முன்னால் கிதாரின் கழுத்தைப் பிடித்த இடது கை. மெம்பிஸில் ஹூக்ஸ் பிரதர்ஸ் ஸ்டூடியோவில் கோடு போட்ட சூட்டும் சாய்த்து வைத்த தொப்பியுமாகக் கால்மேல் கால் போட்டு எடுத்துக்கொண்டது இன்னொன்று. 2020இல் மூன்றாவதாக ஒன்று வெளியே வந்தது. அதுவும் போட்டோ பூத் படம்தான்.

நான் வரைவது முதல் படத்தை. கட்டம் போட்டு அளந்துதான் வரைகிறேன். கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி, மூக்கின் நீளம், ஒரு கண்ணின் இமை கொஞ்சம் இறங்கியிருப்பது எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜாடை அப்படியே இருக்கிறது. ஆனால் என் தங்கை வந்து பார்த்துவிட்டு, "அந்த போட்டோ மாதிரியே இருக்கு அண்ணா" என்றாள். அந்த ஆள் மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தத் தாளைத் தொடவே மனம் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கறுப்பு நிற முகத்தை சார்க்கோலில் கொண்டுவரும்போது எனக்கு எல்லாம் புகை படிந்த சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. மங்க், மட்டி இருவருக்கும் அப்படித்தான் ஆனது. அனுபவப்பட்டவர்கள் எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

#2 நீலச்சுரம்

உங்கள் தங்கை சொன்னது மிகச் சரி. நான் வரைபவன் இல்லை, முப்பது வருடமாக இந்தப் பாட்டுகளைக் கேட்கிறவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1961இல் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி ஜான்சனின் பாட்டுகளைத் தொகுத்து எல்.பி. ரெக்கார்டாகப் போட்டபோது அவர்கள் கையில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. இறந்து இருபத்து மூன்று வருடம் ஆகிவிட்டது, முகம் தெரியாது, ஆனால் அட்டைக்கு ஓவியம் வேண்டும். அட்டையை வரைந்த பர்ட் கோல்ட்பிளாட் என்ன செய்தார் தெரியுமா? கூரையிலிருந்து கீழே பார்ப்பது போல வரைந்தார். நாற்காலியில் ஒருவர் கிதார்மேல் கவிந்து உட்கார்ந்திருக்கிறார். தோளும் தலையும் கிதாரும் தெரியும், தரையில் நிழல் விழுந்திருக்கும். முகம் கிடையாது. அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களைக் கேளுங்கள், அதுதான் ராபர்ட் ஜான்சன் என்பார்கள். உட்கார்ந்த விதம், அந்தக் கவிவு, அதிலேயே ஆள் வந்துவிட்டார்.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 1994இல் அமெரிக்கத் தபால் துறை அவருக்கு 29 சென்ட் தபால்தலை போட்டது. நீங்கள் வரையும் அதே போட்டோ பூத் படத்தை வைத்துத்தான். ஆனால் சிகரெட்டை எடுத்துவிட்டார்கள். சிகரெட் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. வரைபவருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் படத்தில் உதடு அப்படிக் கொஞ்சம் இறுகியிருப்பது சிகரெட்டைக் கவ்விக்கொண்டிருப்பதால். சிகரெட் போனதும் அந்த வாய் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் இல்லாமல் போய்விடுகிறது. முகத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் அளந்த அளவெல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அந்த வாய் ஒன்றைக் கவ்வியிருக்கிறது, அந்தக் கை கம்பியை அழுத்தியிருக்கிறது என்ற நினைப்போடு வரைந்தீர்களா?

என் யோசனை இதுதான். முகத்தைக் கொஞ்ச நாள் விடுங்கள். அந்த இடது கையை மட்டும் பத்துத் தடவை வரையுங்கள். அசாதாரண நீளமான விரல்கள் அவை. ஸ்டூடியோ படத்திலும் அது நன்றாகத் தெரியும். வரையும்போது பாட்டைப் போட்டுவிடுங்கள். கட்டைவிரல் கீழ்ச்சுரத்தை நடத்திக்கொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மேலே பதில் சொல்லும். முதல் தடவை கேட்பவர்கள் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

#3 வெள்ளைப்பென்சில்

கறுப்பாகிப் போகும் சிக்கலுக்கு நான் வருகிறேன். பன்னிரண்டு வருடமாக சார்க்கோல் பிடிக்கிறேன், இதே குழியில் நானும் விழுந்து எழுந்தவள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும் தம்பி. பழைய போட்டோவில் நீங்கள் பார்க்கும் வெளிச்சமும் இருட்டும் அந்த முகத்தில் இருந்தது இல்லை. 1920களின் பாதி வரை பெரும்பாலும் புழங்கியது ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம். அதற்குச் சிவப்பு தெரியாது. சிவப்பாக இருப்பதெல்லாம் அதில் கறுப்பாக விழும். பழுப்பு நிறத் தோலில் சிவப்பு நிறைய கலந்திருக்கிறது, உதட்டில் இன்னும் அதிகம். ஆகவே படத்தில் முகம் நிஜத்தைவிடக் கறுத்திருக்கும், உதடு அதைவிடக் கறுத்திருக்கும். இதற்குமேல் பத்திரிகை விளம்பரத்துக்காகப் புள்ளி புள்ளியாக அச்சடித்து, அதை இன்னொருவர் நகலெடுத்து, அதை மறுபடி ஸ்கேன் செய்து உங்கள் போனுக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நடுச்சாயம் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் உள்ள சாம்பல்) கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிறது. கடைசியில் மிஞ்சுவது வெள்ளையும் கறுப்பும்தான். அதை நீங்கள் அப்படியே தாளில் இறக்கினால் புகைச்சுவர் வராமல் என்ன வரும்?

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் எரித்த தக்கைக் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடைக் கூத்து நடத்தினார்கள். மின்ஸ்ட்ரல் ஷோ என்பார்கள். பாட்டுப் புத்தக அட்டைகளில் எல்லாம் அதே பெருத்த உதடு, முழிக்கும் கண், கரி முகம். நாம் வரைகிற இந்தக் கலைஞர்கள் வாழ்ந்த காலத்தில் சுவரெங்கும் ஒட்டியிருந்த படங்கள் அவை. நகலின் நகலைப் பார்த்து உதட்டைக் கறுப்பாக அழுத்தி, கண்வெள்ளையைப் பளிச்சென்று விட்டால், நமக்கே தெரியாமல் அந்தக் கேலிப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவோம். நான் வரைந்த ப்ளூஸ் பாடகி மா ரெய்னியின் முதல் படம் அப்படித்தான் ஆனது. அவருக்குத் தங்கப் பல் உண்டு, தங்கக் காசுகளைக் கோத்த மாலை போட்டிருப்பார். அந்தப் பளபளப்பைக் கொண்டுவரும் ஆசையில் முகத்தைக் கரியாக்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

சரி, என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். வெள்ளைத் தாளை விட்டுவிட்டுச் சாம்பலோ பழுப்போ ஆன தாளை எடுங்கள். தாளின் நிறம்தான் முகத்தின் நடுச்சாயம். அதன்மேல் மென்மையான வில்லோ சார்க்கோலால் லேசாக நிழல் பக்கத்தை மட்டும் பிரியுங்கள். அழுத்தமான கறுப்புக்கு கம்ப்ரெஸ்டு சார்க்கோல் இருக்கிறதல்லவா, அதை முகத்தில் நான்கைந்து இடத்துக்குமேல் தொடவிடாதீர்கள். நாசித்துளை, கண்மணி, வாயின் இரண்டு மூலை, தொப்பியின் உள்விளிம்பு. அவ்வளவுதான். உதடு முழுவதையும் நிரப்ப வேண்டாம். இரண்டு உதடும் சேரும் கோட்டையும் கீழுதட்டின் அடியில் விழும் நிழலையும் போட்டால் உதடு தானே வந்துவிடும்.

அப்புறம் ஒளி. கறுப்புத் தோலில் ஒளி பரவாமல் கூர்மையாக உட்காரும். நெற்றி மேடு, கன்னத்து எலும்பு, மூக்கு நுனி. அந்த இடங்களை வெள்ளைப் பென்சிலால் சின்னதாகத் தொடுங்கள், விரலால் தேய்க்காதீர்கள். தாடைக்குக் கீழே பாருங்கள். வெள்ளைச் சட்டை போட்டவர்களுக்குச் சட்டையிலிருந்து வெளிச்சம் மேலே ஏறித் தாடையின் அடிப்பக்கத்தில் மெல்லிய கோடாக நிற்கும். கழுத்தும் தாடையும் ஒட்டிப்போகாமல் பிரித்துக் கொடுப்பது அதுதான்.

#4 ஏ4தாள்

அக்கா, சாம்பல் தாள் எங்கள் ஊரில் கிடைக்காது. வெள்ளைத் தாளிலேயே செய்ய வழி உண்டா?

#5 வெள்ளைப்பென்சில்

உண்டு. சார்க்கோல் தூளைப் பஞ்சில் தொட்டுத் தாள் முழுக்க ஒரே சீராகப் பூசிவிடுங்கள், சாம்பல் ஆகிவிடும். பிறகு ஒளி விழும் இடத்தை நீடட் எரேசரால் (மாவு போலப் பிசையக்கூடிய ரப்பர்) ஒற்றி எடுங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு வகையில் அந்த முறை எனக்கு இன்னும் பிடிக்கும். இருட்டு கிளப்பில் எடுத்த ஜாஸ் படங்களுக்கு அதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

#6 பேண்டுவாத்தியம்

நான் ஓவியன் இல்லை. பேண்டு செட்டில் பத்தொன்பது வருடமாக ட்ரம்பெட் ஊதுகிறேன். யூடியூபில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. நீங்கள் வரையும் படங்களில் எனக்கு உறுத்துவதைச் சொல்லலாமா? ட்ரம்பெட்காரர்களை வரைபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வாயைத் தப்பாக வரைகிறார்கள்.

காற்று ஊதுவது போல உதட்டைக் குவித்து வரைவார்கள். நாங்கள் பலூன் ஊதுவது போல ஊதுவதில்லை. உதடு இரண்டும் சேர்ந்து அதிர வேண்டும். அதற்கு வாயின் இரண்டு மூலையும் இறுகிப் பின்னால் நிற்கும், தாடை தட்டையாக இறங்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் கீழுதட்டுக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் இல்லாத படத்தைப் பார்த்தால் இந்த ஆள் வாயில் வைத்துக்கொண்டு போஸ் கொடுக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். ஊதி முடித்து மவுத்பீஸை (உதட்டில் வைக்கும் முனை) எடுத்தால் உதட்டில் வட்டமாக ஒரு தடம் நிற்கும். முகூர்த்த நாளில் காலையிலிருந்து ஊதினால் அந்தத் தடம் ராத்திரி சாப்பிடும்போதும் எனக்கு இருக்கும், சாம்பார் பட்டால் எரியும். ஆம்ஸ்ட்ராங்குக்கு மேலுதட்டில் அது தழும்பாகவே நின்றுவிட்டது. கிட்டத்தில் எடுத்த படங்களில் தெளிவாகத் தெரியும். அவர் அந்த அளவு அழுத்தி ஊதியவர், உதடு கிழிந்து ஊத முடியாமல் ஓய்வெடுத்த காலமெல்லாம் உண்டு. அவர் சிரிப்பை எல்லோரும் வரைகிறார்கள். அந்தத் தழும்பை வரைந்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. எனக்கு அந்த முகத்தில் முதலில் தெரிவதே அதுதான்.

டிஸ்ஸி கில்லெஸ்பி என்ற ஜாஸ் ட்ரம்பெட்காரர் விஷயம் வேறு. கன்னம் உப்பக் கூடாது என்றுதான் எந்த வாத்தியாரும் சொல்லித் தருவார். அவருக்கு இரண்டு கன்னமும் தவளை மாதிரி உப்பும், கழுத்தும் சேர்ந்து உப்பும். ஆனால் உற்றுப் பாருங்கள், அவ்வளவு உப்பியும் மவுத்பீஸைச் சுற்றி இருக்கும் சதை அசையாமல் இறுகியே இருக்கும். அதையும் உப்பலாக வரைந்தால் கேலிச்சித்திரம் ஆகிவிடும். அவருடைய ட்ரம்பெட்டின் மணி (சத்தம் வெளிவரும் அகன்ற வாய்) 45 டிகிரி மேல்நோக்கி வளைந்திருப்பது 1953இலிருந்துதான். ஒரு விருந்தில் யாரோ அதன்மேல் விழுந்து வளைந்துபோனது, ஊதிப் பார்த்தவருக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது, பிறகு அப்படியே செய்து வாங்கிக்கொண்டார். 1940களின் டிஸ்ஸியை வளைந்த ட்ரம்பெட்டோடு யாராவது வரைந்தால் தப்பு.

விரலையும் கவனியுங்கள். வலது கையில் மூன்று விரல் வால்வின்மேல், சுண்டுவிரல் கொக்கியில். இடது கைதான் முழு எடையையும் தாங்குகிறது. இடது மணிக்கட்டு தளர்வாகத் தொங்கினால் ட்ரம்பெட் கீழே விழுந்துவிடும்.

#7 நீலச்சுரம்

அண்ணே, இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழை நூறு வருடம் இருக்க வேண்டும். தழும்பைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. இன்று ராத்திரியே பழைய படங்களை எடுத்துப் பார்க்கிறேன்.

#8 கரித்துண்டு

எல்லோருக்கும் நன்றி. பத்துக் கை வரைந்தாயிற்று, பதினொன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறாவது கையில்தான் ஒன்று பிடிபட்டது. போட்டோவில் விரல் நுனி தட்டையாகத் தெரிவதை இத்தனை நாளும் நகம் என்று வரைந்திருக்கிறேன். அது கம்பியில் அழுந்திய சதை. கிதார் வாசிக்கும் நண்பரை உட்கார வைத்து அதே பிடியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பேண்டுவாத்தியம் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டுப் பழைய ஒன்பது படங்களையும் எடுத்துப் பார்த்தேன். மங்கின் விரல்களை அழகாக வளைத்து வரைந்து வைத்திருக்கிறேன், பியானோ வகுப்பில் சொல்லித் தருவது போல. மனிதர் விரலைத் தட்டையாக நீட்டி வைத்து அடிப்பவர், கையில் பெரிய மோதிரத்தோடு. வீடியோ எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், வரையும்போது மறந்துவிட்டேன். எலிசபெத் காட்டன் அதைவிட மோசம். அவர் இடக்கைக்காரர், வலக்கைக்காரர்களின் கிதாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். கட்டைவிரலால் ராகம், மற்ற விரல்களால் கீழ்ச்சுரம். இணையத்தில் எனக்குக் கிடைத்த படத்தை யாரோ இடம்வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி வலக்கைக்காரராகவே வரைந்து, சட்டம் போட்டு, மாட்டியும்விட்டேன். அவருடைய வாசிப்பே அந்தத் தலைகீழ்ப் பிடியில் பிறந்ததுதான். அதைப் போய் மாற்றிவிட்டேனே என்று ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

#9 நீலச்சுரம்

மனம் தளராதீர்கள். இதே சிக்கலில் ஜாஸின் முதல் படமே மாட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டி போல்டன் என்று நியூ ஆர்லியன்ஸில் ஒரு கார்னெட் (ட்ரம்பெட் போன்ற சிறிய ஊதுகருவி) கலைஞர். ஜாஸ் இவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று பலர் சொல்வார்கள். 1907இல் மனநல விடுதியில் சேர்த்தார்கள், 1931இல் அங்கேயே இறந்தார். ஒரு ரெக்கார்டுகூட நமக்குக் கிடைக்கவில்லை. போட்டோ ஒன்றே ஒன்று, அதுவும் தன் குழுவோடு நிற்பது. அவருடைய டிராம்போன்காரர் வில்லி கார்னிஷிடம் இருந்த படம் 1939இல் ஒரு புத்தகத்தில் அச்சானது. அசல் இன்று இல்லை. அந்தக் காலத்தில் தகட்டில் எடுக்கும் படங்கள் கண்ணாடியில் பார்ப்பது போல இடம்வலம் மாறி விழும். ஆகவே இந்தப் படத்தை எந்தப் பக்கமாக அச்சிட வேண்டும் என்பதில் இன்றுவரை சண்டை. ஒரு பக்கமாகப் போட்டால் கிதார்காரர், பேஸ்காரர் இருவரும் இடக்கைக்காரர்கள் ஆகிறார்கள். திருப்பிப் போட்டால் அவர்கள் சரியாகிவிடுகிறார்கள், ஆனால் கிளாரினெட் பிடித்தவர்களின் கை இடம்மாறிப் போகிறது. புத்தகத்துக்குப் புத்தகம் ஒவ்வொரு விதமாக அச்சிட்டிருக்கிறார்கள். போல்டனை வரைபவர் முதல் கோடு போடுவதற்கு முன்பே இதில் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

ப்ளூஸ் கிதார்காரர்கள் ஆல்பர்ட் கிங், ஓடிஸ் ரஷ் இருவரும்கூட இடக்கைக்காரர்கள், தலைகீழ்க் கம்பிக்காரர்கள். அவர்கள் கம்பியை வளைக்கும்போது கீழ்நோக்கி இழுக்கிறார்கள், அந்தச் சத்தமே தனி. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் படத்தைத் திருப்பிப் போட்டு யாராவது வலக்கை மிருதங்கக்காரர் ஆக்கினால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்களுக்கும்.

#10 தெற்குவாசல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு மறுப்பு இருக்கிறது. கை, வாய், உட்காரும் விதம் எல்லாம் சரி. ஆனால் இந்தப் பேச்சு போகிற போக்கில், போட்டோவில் இல்லாததை வரையலாம் என்ற இடத்தில் போய் முடியும். எனக்கு அது ஒப்பவில்லை. பழைய ப்ளூஸ் கலைஞர் சார்லி பேட்டனுக்கு நமக்குத் தெரிந்து ஒரே ஒரு படம். போ டை கட்டிக்கொண்டு, மடியில் கிதாரை வைத்துக்கொண்டு, நேரே பார்க்கிறார். அவ்வளவுதான் சாட்சி. அவர் சிரித்தால் எப்படி இருப்பார், பக்கவாட்டில் மூக்கு எப்படி என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒருவர் அவரைச் சிரிக்க வைத்து அழகாக வரைந்து இணையத்தில் போடுவார், நான்கு வருடத்தில் அது அவருடைய அசல் முகம் என்று பரவிவிடும். உயிரோடு இருந்தபோது இவர்களுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. செத்த பிறகு முகத்தையாவது மாற்றாமல் விடலாமே.

கார்ட்டூன் ஓவியர் ராபர்ட் க்ரம்ப் 1980இல் ப்ளூஸ் கலைஞர்களை வரைந்த 36 சிறிய சேகரிப்பு அட்டைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கும் உயிர். ஆனால் இன்று பலர் பேட்டனை வரையும்போது போட்டோவைப் பார்ப்பதே இல்லை, க்ரம்பின் அட்டையைப் பார்த்து வரைகிறார்கள். அவர் நிழலுக்காகப் போட்ட கோடுகள் முகத்தின் சுருக்கமாக மாறி அடுத்தவர் படத்தில் நிற்கிறது.

#11 வெள்ளைப்பென்சில்

தெற்குவாசல் சொல்வதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். முகத்தின் அமைப்பைக் கற்பனையில் மாற்றக் கூடாது. அடுத்தவர் ஓவியத்திலிருந்து நகல் எடுப்பதும் தப்பு. மூலப் படத்தில் நல்ல பிரதி எது கிடைக்கிறதோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மீதிப் பாதிக்கு என் பதில் வேறு. போட்டோ மட்டுமே சாட்சி என்கிறீர்கள். அந்தப் போட்டோவே எவ்வளவு உண்மை? ப்ளூஸ் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் படத்தைப் பாருங்கள். பாரமவுண்ட் ரெக்கார்டு கம்பெனி விளம்பரத்துக்காக எடுத்தது. கழுத்தில் இருக்கும் டை மேலே தீட்டியது என்று உற்றுப் பார்த்தால் தெரிகிறது. ராபர்ட் ஜான்சன் ஸ்டூடியோவில் சூட் போட்டு உட்கார்ந்த அந்தச் சில நிமிடங்கள் அவர் வாழ்வின் 27 வருடங்களில் எவ்வளவு? ஊர் ஊராகப் போய் ஜனங்கள் ஆட ஆட வாசித்ததுதான் மீதியெல்லாம். பேட்டன் கிதாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிப்பார், முழங்காலுக்கு நடுவில் வைத்து வாசிப்பார் என்று நேரில் பார்த்தவர்கள் சொல்லிப் பதிவாகியிருக்கிறது. அதுவும் சாட்சிதானே? அந்த உடம்பை வரையலாம் என்கிறேன். முகம் போட்டோவிலிருந்து, நிற்கும் விதம் பார்த்தவர் சொன்னதிலிருந்து. படத்துக்கு அடியில் இரண்டையும் எழுதிவிட வேண்டும். நான் இப்போதெல்லாம் கண்டிப்பாக எழுதுகிறேன்.

முகம் தெரியாத கோணம் வேண்டுமென்றால் நீலச்சுரம் சொன்ன 1961 அட்டை இருக்கவே இருக்கிறது, மேலேயிருந்து பாருங்கள். தொப்பியின் நிழலில் விடுங்கள்.

#12 தெற்குவாசல்

அடியில் எழுதுவதாக இருந்தால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாளிலேயே எழுதுங்கள், தனியாகக் குறிப்பில் வேண்டாம். இணையத்தில் ஒருவர் எடுத்துப் போடும்போது குறிப்பு கழன்றுவிடும்.

#13 ஏ4தாள்

நான் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். எந்தப் படங்களைப் பார்த்து வரையலாம்? விற்றால் பிரச்சினை வருமா?

#14 நீலச்சுரம்

வில்லியம் காட்லீப் எடுத்த படங்களிலிருந்து தொடங்குங்கள். 1940களில் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் ஜாஸ்காரர்களை எடுத்தவர். எழுத்து வேலைக்காகப் போனவர், கட்டுரைக்குப் படம் வேண்டுமே என்று தானே கேமராவைத் தூக்கினார். ஃபிலிமும் ஃப்ளாஷ் பல்பும் விலை அதிகம் என்பதால் ஓரிரண்டு தடவைதான் அழுத்துவார், அதனால் காத்திருந்து அழுத்துவார். 1,600க்கு மேற்பட்ட படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1995இல் வாங்கியது. அவர் விருப்பப்படியே 2010 பிப்ரவரி 16 அன்று அவை பொதுச்சொத்து ஆகிவிட்டன. பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம், வரையலாம், விற்கலாம். பில்லி ஹாலிடே தலையைச் சாய்த்து வாய் திறந்து பாடும் படம், ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் கிதாரோடு இருக்கும் படம் இரண்டும் அதில் உண்டு. ஜாங்கோவை வரைந்தால் இடது கையை விட்டுவிடாதீர்கள். 1928இல் அவருடைய வண்டி வீட்டில் தீப்பிடித்து மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கிப்போயின. மிச்ச இரண்டு விரலால்தான் அந்த வேகம் அத்தனையும்.

ஹெர்மன் லெனார்ட் என்ற போட்டோகிராஃபரின் படங்களுக்கு ஆசைப்பட்டால் பயிற்சிக்கு மட்டும் வரையுங்கள். 1948இல் ராயல் ரூஸ்ட் கிளப்பில் சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டனைச் சுற்றிப் புகை நிற்கும் அந்தப் படம் ஒன்று போதும், பின்னாலிருந்து விழும் வெளிச்சம் என்ன செய்யும் என்று படிக்க. ஆனால் அவற்றின் உரிமை அவர் தரப்பிடம் இருக்கிறது, விற்கக் கூடாது. ராபர்ட் ஜான்சனின் படங்களுக்கும் எச்சரிக்கையாக இருங்கள். அவற்றின் உரிமையை வைத்து மிசிசிப்பி நீதிமன்றங்களில் பல வருடம் வழக்கு நடந்தது.

பேனா மையில் ஆசை இருந்தால் டேவிட் ஸ்டோன் மார்ட்டின் 1940, 50களில் வரைந்த ரெக்கார்டு அட்டைகளைத் தேடிப் பாருங்கள். க்ரோ குவில் என்ற மெல்லிய நிப்பில் வரைந்தவர். முடி போலப் போகும் கோடு திடீரென்று தடிக்கும், பாதித் தாள் வெறுமனே இருக்கும். சாயமே போடாமல் ஒரு சாக்ஸபோனின் எடை தெரியும்.

#15 கரித்துண்டு

இன்று காலை முடித்தேன். படம் இணைத்திருக்கிறேன்.

ராபர்ட் ஜான்சனை முகத்திலிருந்து தொடங்கவில்லை. கிதாரின் கழுத்தையும் இடது கையையும் முதலில் போட்டேன். பிறகு தோள். முகம் கடைசி. கட்டம் போடவே இல்லை. சாம்பல் தாள், அழுத்தமான கறுப்பு மொத்தம் ஐந்தே இடத்தில். சிகரெட் இருக்கிறது. சிகரெட்டை முதலில் வரைந்துவிட்டு அதைக் கவ்வும் உதட்டைப் பிறகு வரைந்தேன், வாய் தானாக அமைந்தது. "முகம், கை: போட்டோ பூத் படத்திலிருந்து. தோளின் சாய்வு: என் நண்பர் கிதார் பிடித்து உட்கார்ந்ததைப் பார்த்து" என்று தாளின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். தங்கை இன்னும் பார்க்கவில்லை, மாலையில் வருவாள்.

எலிசபெத் காட்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். நாளை மறுபடி ஆரம்பிக்கிறேன், இந்தத் தடவை இடக்கையில்.

#16 பேண்டுவாத்தியம்

தம்பி, கை பேசுகிறது. உதடும் ரொம்பச் சரி, கவ்வியிருப்பது தெரிகிறது. எனக்குக் கிதார் தெரியாது, அதனால் எங்கள் செட்டில் கிதார் வாசிக்கும் பையனிடம் போனைக் காட்டினேன். அவன் ஒரே ஒன்று சொன்னான். சுண்டுவிரல் கம்பியைத் தொடாமல் மேலே நிற்கிறதாம், நுனியில் அழுத்தம் இருப்பது போல நிழல் மட்டும் விழுந்திருக்கிறதாம். அந்த நிழலை மட்டும் ஒற்றி எடுத்துவிடு.

#17 கரித்துண்டு

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. எடுத்துவிட்டேன் அண்ணே.